ஹாம்லெட்டை மூலத்திலிருந்தே படிப்பது எப்படி? கதைமாந்தர், கருப்பொருள்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட். அப்பாவைக் கொன்று அரசனாகி, அம்மா கெர்ட்ரூடையும் மணந்துகொண்ட சித்தப்பா கிளாடியஸைப் பழிவாங்கச் சொல்லி அப்பாவின் ஆவி அவனிடம் கேட்கிறது. இந்த ஹாம்லெட் யார் என்று ஆங்கில இலக்கிய மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பழிவாங்க வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவன்." நானும் கல்லூரியில் அதைத்தான் எழுதினேன். நோட்ஸில் இருந்த நான்கு காரணங்களை மனப்பாடம் செய்து எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது.

பல வருடம் கழித்து, வார இறுதிகளில் சில மாணவர்களோடு உட்கார்ந்து இந்த நாடகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தோம். நான்காம் அங்கம் வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஒஃபீலியாவோட அப்பாவையும்தானே கொன்னுட்டாங்க? பழிவாங்கல்னு பேசும்போது அவள் பேரை ஏன் யாருமே எடுக்கிறதில்ல?" ஒஃபீலியா ஹாம்லெட்டை நேசித்தவள். அவளுடைய அப்பா, அரசனின் ஆலோசகர் பொலோனியஸ், ஹாம்லெட் கையால்தான் சாகிறார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாடகத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த வாசிப்பில் உருவானவை. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். 1.2 என்று எழுதியிருந்தால் முதல் அங்கம், இரண்டாம் காட்சி என்று கொள்ளுங்கள்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பாடம், அதாவது எந்த அச்சு வடிவம் என்று பாருங்கள்

ஹாம்லெட் என்று ஒரே ஒரு மூலம் கிடையாது. 1603-இல் ஒரு சிறிய பதிப்பு வந்தது. 1604-05-இல் அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளமான இரண்டாவது பதிப்பு வந்தது. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623-இல் அவருடைய நாடகங்களைத் தொகுத்த பெரிய நூலில் மூன்றாவது வடிவம் வந்தது. இன்று கடையில் கிடைக்கும் பல பதிப்புகள் பின்னிரண்டையும் கலந்து அமைத்தவை.

கதைமாந்தரைப் படிப்பவருக்கு இதில் நேரடியான பாதிப்பு உண்டு. நார்வே இளவரசன் ஃபோர்டின்ப்ராஸின் படை போவதைப் பார்த்துவிட்டு ஹாம்லெட் தன்னையே திட்டிக்கொள்ளும் நீண்ட தனிமொழி (4.4) இரண்டாவது பதிப்பில் மட்டும்தான் இருக்கிறது. 1623 வடிவத்தில் இல்லை. அதை வைத்து ஹாம்லெட்டின் குணத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறீர்கள் என்றால், அந்தப் பேச்சே இல்லாத ஒரு ஹாம்லெட்டும் அச்சில் இருக்கிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குறிப்புரை உள்ள பதிப்பாக ஒன்று வாங்குங்கள். ஆர்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஃபோல்ஜர் எதுவானாலும் சரி. பணம் இல்லையென்றால் ஃபோல்ஜர் நூலகத்தின் இணையதளத்தில் முழு நாடகமும் இலவசமாகக் கிடைக்கிறது. எளிய ஆங்கில உரைநடையில் வரும் கைடுகளைப் புரியாத வரிக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் படித்தால் கதை தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். ஒரே செய்தியைக் கிளாடியஸ் சொல்லும் விதமும் பொலோனியஸ் சொல்லும் விதமும் வேறு வேறு. கைடில் இருவரும் ஒரே குரலில்தான் பேசுவார்கள்.

தமிழில் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'அமலாதித்யன்' என்ற பெயரில் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். மூலத்தை ஒருமுறை முடித்த பிறகு அதைத் தேடிப் படியுங்கள். எதை அவர் மாற்றியிருக்கிறார் என்று பார்ப்பதே நல்ல பயிற்சி.

படி 2: முதல் வாசிப்பில் நிறுத்தாதீர்கள்

இரண்டு அல்லது மூன்று உட்காரலில் முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லுக்காக நிற்க வேண்டாம். இது நடிப்பதற்காக எழுதப்பட்டது. காதில் விழுந்தால்தான் எந்த இடத்தில் பேச்சு திணறுகிறது, எங்கே சீராக ஓடுகிறது என்பது பிடிபடும்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரே வரி எழுதுங்கள். 'ஹாம்லெட் வருத்தப்படுகிறான்' என்று எழுதினால் பயனில்லை. 'அம்மா கேட்டதால், படிக்கும் ஊரான விட்டன்பர்க் போகாமல் தங்க ஒப்புக்கொள்கிறான்' என்று, நடந்ததை எழுதுங்கள். இருபது காட்சிக்கு இருபது வரி. அந்த ஒரு பக்கம் கடைசி வரை உங்களுக்கு வழித்துணை.

நாடகத்தின் முதல் வரியிலேயே கொஞ்சம் நின்று பார்க்கலாம். எல்சினோர் கோட்டை, நள்ளிரவு, கடும் குளிர். "யார் அங்கே?" என்று ஒரு குரல். காவலில் நிற்பவன் கேட்டிருந்தால் அது இயல்பு. இங்கே கேட்பவன் காவலை மாற்ற வரும் பர்னார்டோ. காவலில் நிற்கும் பிரான்சிஸ்கோ, "இல்லை, நீ பதில் சொல், நில், உன்னைக் காட்டு" என்று திருப்பிக் கேட்கிறான். யார் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இந்த அரண்மனையில் தலைகீழாகிவிட்டது. ஐந்து அங்கத்துக்கும் இதுதான் சூழ்நிலை.

படி 3: பழிவாங்கல் நாடகம் என்ற வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

லண்டன் பார்வையாளர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1200 வாக்கில் டென்மார்க்கின் சாக்சோ கிராமாட்டிகஸ் லத்தீனில் எழுதிய வரலாற்றில் ஆம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அப்பாவைக் கொன்ற சித்தப்பாவிடமிருந்து தப்பிக்கப் பைத்தியம்போல நடித்து, கடைசியில் அவனைக் கொல்கிறான். பதினாறாம் நூற்றாண்டில் பெல்ஃபாரே அதைப் பிரெஞ்சில் விரித்து எழுதினார். ஷேக்ஸ்பியருக்கு முன்பே லண்டன் மேடையில் ஒரு ஹாம்லெட் நாடகம் இருந்திருக்கிறது. "ஹாம்லெட், பழிவாங்கு!" என்று கத்தும் ஆவியைப் பற்றி 1596-இல் தாமஸ் லாட்ஜ் எழுதியிருக்கிறார். அந்த நாடகம் இன்று நம்மிடம் இல்லை.

இந்த வகையின் அச்சு எது என்று பார்க்கத் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜெடி'யைச் சுருக்கமாகவாவது படியுங்கள். ஆவி, கொலை, பைத்தியம், தாமதம், நாடகத்துக்குள் நாடகம், கடைசியில் மேடை நிறையப் பிணங்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அங்கே மகனுக்காக அப்பா பழிவாங்குகிறார். ஹாம்லெட் கதையில் அது திரும்பி, அப்பாவுக்காக மகன் என்று இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ரோமானிய நாடகாசிரியர் செனெகா நிற்கிறார்.

வடிவத்தைவிட முக்கியம், இந்த வகை நாடகம் எந்த நெருக்கடியில் பிறக்கிறது என்பது. கொலை நடந்திருக்கிறது. முறையிடப் போனால் நியாயம் கிடைக்க வேண்டும். ஆனால் கொலைகாரனே அரசன். நீதிமன்றம் அவனுடையது, காவலர்கள் அவனுடையவர்கள். அப்படியானால் பாதிக்கப்பட்டவன் எங்கே போவான்? பிரான்சிஸ் பேகன் தம் கட்டுரை ஒன்றில் பழிவாங்கலைக் காட்டுத்தனமான நீதி என்று சொல்லி, சட்டம் அதைக் களையெடுக்க வேண்டும் என்றார். சட்டமே கொலைகாரன் கையில் இருக்கும்போது யார் களையெடுப்பது? அரசனாயிற்றே என்று பார்வையாளர்கள் தயங்குவார்கள், மகனாயிற்றே என்று துடிப்பார்கள். அந்த இரண்டு உணர்ச்சியும் சேர்ந்து இருந்தால்தான் இந்த நாடகம் வேலை செய்யும்.

படி 4: அப்பாவை இழந்த பிள்ளைகளை அருகருகே வையுங்கள்

கதைமாந்தரைத் தனித்தனியாகப் படிப்பது பழைய பழக்கம். ஹாம்லெட்டின் குணநலன், கிளாடியஸின் குணநலன் என்று. அதைவிட ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஹாம்லெட், ஒஃபீலியாவின் அண்ணன் லேயர்டீஸ், ஃபோர்டின்ப்ராஸ், ஒஃபீலியா. நால்வருக்கும் அப்பா கொல்லப்பட்டிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி: அப்பாவைக் கொன்றது யார்? அது இவருக்கு எப்படித் தெரியவந்தது? தெரிந்ததும் முதலில் செய்தது என்ன? கடைசியில் கையில் மிஞ்சியது என்ன?

ஃபோர்டின்ப்ராஸின் அப்பாவை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் கொன்றவர் ஹாம்லெட்டின் அப்பாதான். அப்படியென்றால் ஹாம்லெட் ஒருவனைப் பழிவாங்க வேண்டியவன், இன்னொருவன் அவனுடைய குடும்பத்தைப் பழிவாங்க வேண்டியவன். பொலோனியஸைக் கொன்றது ஹாம்லெட். ஆகவே லேயர்டீஸுக்கு ஹாம்லெட்தான் கிளாடியஸ். இந்தக் கோடுகளை அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். ஐந்தாம் அங்கத்தில் ஹாம்லெட்டே, என் வழக்கின் சாயலில் அவனுடைய வழக்கை நான் பார்க்கிறேன் என்று நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்கிறான்.

லேயர்டீஸுக்கு ஆதாரம் வேண்டாம். பிரான்ஸிலிருந்து திரும்பி, கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கதவை உடைத்து உள்ளே வருகிறான். ராஜவிசுவாசம் நரகத்துக்குப் போகட்டும் என்கிறான். "சொல்லில் இல்லாமல் செயலில் உன் அப்பாவின் மகன் என்று காட்ட என்ன செய்வாய்?" என்று கிளாடியஸ் கேட்கிறான். "தேவாலயத்துக்குள்ளேயே அவன் கழுத்தை அறுப்பேன்." "பழிவாங்கலுக்கு எல்லை இருக்கக் கூடாது" என்கிறான் கிளாடியஸ் (4.7). இதைப் படித்ததும் உடனே 3.3-க்குத் திரும்பிப் போங்கள். அங்கே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் கிளாடியஸின் பின்னால் உருவிய வாளோடு நின்றவன் ஹாம்லெட். அறுக்காமல் போனான். கிளாடியஸின் கழுத்து அன்று தப்பியது அந்த எல்லையால்தான்.

ஒஃபீலியாவின் பத்தி சின்னதாக இருக்கும். ஆனால் அதில்தான் நான் அதிகம் நின்றேன். அவளுடைய அப்பாவைக் கொன்றவன் அவள் நேசித்தவன். அண்ணன் ஊரில் இல்லை. அப்பாவை அவசர அவசரமாக, சத்தமில்லாமல் புதைத்துவிட்டார்கள். வாள் எடுக்கும் உரிமை அவளுக்கு இல்லை. தனிமொழி பேச மேடை இல்லை. ஹாம்லெட் கத்திவிட்டுப் போன பிறகு சில வரிகள் தனியாகப் பேசியதோடு சரி. மனம் பேதலித்து அரசன் முன் வந்து நிற்கும்போது அவள் சொல்லும் ஒரு வரியை முன்பெல்லாம் நான் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன்: "என் அண்ணனுக்கு இது தெரியவரும்." பாட்டுகளுக்கு நடுவே வரும் அந்த வரிதான் அந்த மாணவியின் கேள்விக்குப் பதில். அவளும் பழிவாங்கலைத்தான் நினைக்கிறாள். அவளுக்குத் திறந்திருக்கும் ஒரே வழி அண்ணன் வழியாக.

கடைசியில் நான்கு பத்தியையும் பாருங்கள். அப்பாவுக்காக யாரையும் கொல்லாமல் டென்மார்க்கின் அரியணையில் உட்காருபவன் ஃபோர்டின்ப்ராஸ். மற்ற மூவரும் மண்ணுக்குள்.

இவர்களோடு ஐந்தாவதாக ஒருவனையும் சேருங்கள். 2.2-இல் நாடகக்காரர்கள் வந்ததும் ஹாம்லெட் ஒரு பேச்சைக் கேட்கிறான். ட்ராய் நகரில், அப்பா அக்கிலீஸுக்காகப் பழிவாங்க வந்த பிர்ரஸ், கிழ அரசர் ப்ரையாமின் தலைக்கு மேல் வாளை ஓங்குகிறான். வாள் காற்றிலேயே நின்றுவிடுகிறது. "ஒன்றும் செய்யவில்லை" என்று வரி பாதியிலேயே முடிகிறது. மீதி வெறுமை. வாய்விட்டுப் படித்தால் அந்த வெறுமை காதில் விழும். ஒரு கணம்தான், அப்புறம் வாள் இறங்கி ப்ரையாமைக் கூறு போடுகிறது, அவர் மனைவி ஹெக்யூபா கதறுகிறாள். பழிவாங்கும் மகன் எப்படி இருப்பான், அவன் எதிரில் கதறும் மனைவி எப்படி இருப்பாள் என்று ஹாம்லெட் தானே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்கிறான்.

படி 5: வில்லனுக்கும் அதே மரியாதை கொடுத்துப் படியுங்கள்

கிளாடியஸைக் கெட்டவன் என்று ஒரு சொல்லில் முடித்தால் பாதி நாடகம் கைவிட்டுப் போகும். அவன் நல்ல நிர்வாகி. நார்வேயோடு வரவேண்டிய போரைத் தூதர்களை அனுப்பியே நிறுத்துகிறான். லேயர்டீஸ் கூட்டத்தோடு உடைத்துக்கொண்டு வந்தபோது அசையாமல் நின்று பேசியே அவனைத் தன் பக்கம் இழுக்கிறான்.

இரண்டு பேச்சை மட்டும் எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவது, 1.2-இன் தொடக்கம். இறுதிச் சடங்கில் களிப்பு, கல்யாணத்தில் ஒப்பாரி, ஒரு கண்ணில் மகிழ்ச்சி, ஒரு கண்ணில் நீர் என்று தராசுபோலப் பேசுகிறான். வாக்கியம் அவ்வளவு சமமாக இருப்பதே அது ஒத்திகை பார்த்த பேச்சு என்று காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது, 3.3. யாரும் இல்லை. "என் குற்றம் நாறுகிறது, அதன் நாற்றம் வானம் வரை போகிறது" என்று தொடங்கும்போது அந்தத் தராசு உடைந்துவிடுகிறது. கேள்விமேல் கேள்வி, பாதியில் நிற்கும் வாக்கியம். மன்னிப்பு வேண்டும், ஆனால் கொலையால் வந்த மூன்றும், அதாவது கிரீடமும் ஆசையும் ராணியும், இன்னும் தன்னிடம் இருக்கின்றனவே என்கிறான். அவற்றை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க முடியுமா என்று தன்னையே கேட்கிறான். முடியாது என்று அவனுக்கே தெரிகிறது.

இந்த இடத்தில்தான் ஹாம்லெட் பின்னால் வருகிறான். பிரார்த்தனையில் கொன்றால் இவன் சொர்க்கம் போய்விடுவான் என்று வாளை உறைக்குள் போடுகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, "என் சொற்கள் மேலே பறக்கின்றன, எண்ணம் கீழேயே கிடக்கிறது" என்கிறான். பிரார்த்தனை நடக்கவே இல்லை. வெளித்தோற்றத்தை நம்ப மாட்டேன் என்று 1.2-இல் சொன்ன ஹாம்லெட், தோற்றத்தை நம்பிய இடம் இது. அடுத்த காட்சியில் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமலே குத்துகிறான், பொலோனியஸ் சாகிறார். எல்லாச் சாவும் அங்கிருந்துதான் வரிசையாக வருகின்றன.

கெர்ட்ரூடைப் படிக்கும்போது ஒரே எச்சரிக்கை: அவளைப் பற்றி ஹாம்லெட்டும் ஆவியும் சொன்னதை ஒரு பக்கம், அவளே சொன்னதையும் செய்ததையும் இன்னொரு பக்கம் எழுதுங்கள். கொலை அவளுக்குத் தெரியும் என்பதற்கு நாம் இன்று படிக்கும் பாடத்தில் ஆதாரம் இல்லை. நிறையப் பேர் அவளைப் பேசுகிறார்கள், அவள் பேசுவது கொஞ்சம். தேர்வு விடைகளில் ஹாம்லெட்டின் கோபத்தை அப்படியே அவளுடைய குணமாக எழுதிவிடுகிறோம்.

படி 6: கருப்பொருளைச் சொல்லிலிருந்து பிடியுங்கள்

'பழி', 'மரணம்', 'ஊழல்', 'பைத்தியம்' என்று தலைப்பு எழுதிவிட்டு மேற்கோள் தேடினால் எல்லோரும் எழுதுவதுதான் வரும். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் பின்னாலேயே போங்கள். காது என்று எடுக்கலாம். தோட்டத்தில் தூங்கிய அரசரின் காதில் விஷம் ஊற்றப்பட்டது. பாம்பு கடித்தது என்ற பொய் டென்மார்க்கின் காதையே கெடுத்தது என்கிறது ஆவி. பொலோனியஸ் ஒட்டுக்கேட்டே வாழ்ந்து, ஒட்டுக்கேட்கும்போதே சாகிறார். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது 'நினைவு' என்ற சொல். ஆங்கிலத்தில் ரிமெம்பர், மெமரி, ரிமெம்பரன்ஸ் எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

கிளாடியஸ் மேடையில் வாய் திறந்ததும் வருவது, அண்ணன் இறந்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது என்பது. ஆனால் அவரை நினைப்பதோடு "நம்மையும் நினைத்துக்கொள்கிறோம்" என்று உடனே சேர்க்கிறான். அதே காட்சியில், எல்லோரும் போன பிறகு ஹாம்லெட்: "வானமே பூமியே, நான் நினைத்துத்தான் ஆக வேண்டுமா?" ஒருவன் அளவாக நினைக்கிறான், ஒருவனால் நிறுத்த முடியவில்லை.

இந்தத் தனிமொழியில் காலத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா இறந்து இரண்டு மாதம் என்கிறான். உடனே, இல்லை, அவ்வளவுகூட இல்லை என்கிறான். அம்மா மறுமணம் செய்தது ஒரு மாதத்துக்குள். அப்புறம் அது ஒரு சின்ன மாதம். அப்பாவின் உடலுக்குப் பின்னால் நடந்துபோன செருப்பு பழசாவதற்குள். பேசப் பேச நாள் சுருங்குகிறது. 3.2-இல் நாடகம் பார்க்க உட்காரும்போது, என் அப்பா இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறான். "இல்லை பிரபு, இரண்டும் இரண்டும் நான்கு மாதம்" என்று திருத்துகிறாள் ஒஃபீலியா. துக்கம் ஆறாதவனுக்குக் காலம் நகரவில்லை. ஆவி வந்துபோன பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடிவிட்டது என்ற தகவலும் நமக்கு அவள் வாயிலிருந்துதான் கிடைக்கிறது.

அடுத்து 1.5. ஆவி முதலில் கேட்பது பழி. ஆனால் போகும்போது கடைசியாகச் சொல்வது, "போய் வருகிறேன், என்னை நினைவில் வை." ஹாம்லெட் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். நினைவுப் பலகையில் இருக்கும் அற்ப விஷயங்களை எல்லாம் அழித்துவிடுவேன் என்கிறான். குறிப்பேட்டை எடுத்து, சிரித்துக்கொண்டே ஒருவன் கயவனாக இருக்கலாம் என்று எழுதுகிறான். பிறகு, என் தாரக வாக்கு இதுதான் என்று சொல்லி ஆவியின் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்கிறான்: "போய் வருகிறேன், என்னை நினைவில் வை. சத்தியம் செய்துவிட்டேன்." கேட்டது பழி. அவன் சத்தியம் செய்தது நினைவுக்கு. இந்த நாடகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு என்றால், அது இந்த இடம். பழிவாங்கத் தாமதித்தவன் நினைப்பதில் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

சொல் இன்னும் போகிறது. 3.1-இல் ஒஃபீலியா திருப்பிக் கொடுக்கும் பரிசுப்பொருட்களுக்கு மூலத்தில் உள்ள சொல் ரிமெம்பரன்ஸஸ், நினைவுப் பொருட்கள். 3.4-இல் மறுபடி வரும் ஆவியின் முதல் வார்த்தை "மறந்துவிடாதே." 4.5-இல் பூக்களோடு வரும் ஒஃபீலியா, "இது ரோஸ்மேரி, நினைவுக்கு. தயவுசெய்து நினைத்துக்கொள், அன்பே" என்கிறாள். அந்தப் பூவை யாரிடம் நீட்டுகிறாள் என்று மூலத்தில் குறிப்பு இல்லை. ஒவ்வொரு இயக்குநரும் முடிவெடுக்க வேண்டும். நீங்களும் முடிவெடுத்து ஏன் என்று எழுதிப் பாருங்கள். வயலட் பூ கொடுப்பேன், ஆனால் அப்பா இறந்தபோது எல்லாம் வாடிவிட்டன என்று அவள் முடிக்கிறாள்.

5.2-இல் பிணங்களுக்கு நடுவே நிற்கும் ஃபோர்டின்ப்ராஸ் அரியணையைக் கேட்கும்போது சொல்வது: "இந்த ராஜ்யத்தில் எனக்கு நினைவின் உரிமைகள் சில உண்டு." கிளாடியஸின் முதல் பேச்சில் தொடங்கிய சொல், புது அரசன் பட்டா கேட்கும் சொல்லாக முடிகிறது.

படி 7: தாமதக் கேள்வியை இப்போது எடுங்கள்

ஹாம்லெட் ஏன் தாமதித்தான் என்ற கேள்வியை முதலில் எடுத்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. இப்போது எடுக்கலாம். கோல்ரிட்ஜ், அதிகச் சிந்தனை செயலைத் தின்றுவிட்டது என்றார். 1904-இல் ஏ.சி. பிராட்லி, அம்மாவின் மறுமணம் தந்த ஆழ்ந்த மனச்சோர்வு என்றார். 1919-இல் டி.எஸ். எலியட், அவன் உணர்ச்சிக்கு ஈடான காரணம் நாடகத்தில் இல்லை, இது கலைத் தோல்வி என்றார். மூவரையும் சுருக்கமாகப் படித்துவிட்டு, 'இது எந்தக் காட்சிக்குப் பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவில்லை' என்று கேளுங்கள்.

விமர்சகர்களைப் படிக்கும் வேகத்தில் மறந்துபோகும் ஒரு எளிய காரணம் உண்டு. வந்தது அப்பாவின் ஆவிதானா? பாவம் கழுவப்படும் இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறேன் என்கிறது ஆவி. அது கத்தோலிக்க நம்பிக்கை. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தின் திருச்சபை அதை மறுத்தது. ஹாம்லெட் படிப்பது விட்டன்பர்க்கில், 1517-இல் லூதர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிர்ப்பைத் தொடங்கிய அதே ஊரில். அங்கே படித்தவன் முன்னால் அப்படி ஒரு ஆவி வந்து நின்றால், சாத்தான் வேஷம் போட்டு வந்திருக்குமோ என்று சந்தேகப்படுவது கோழைத்தனம் ஆகாது. அதற்காகத்தான் அந்தக் கொலையைப் போலவே ஒரு நாடகத்தை அரசன் முன் போட்டுப் பார்க்கிறான். அந்த நாடகத்திலும் ஒரு நுணுக்கம்: அரசனைக் கொல்லும் லூசியானஸை, அரசனின் 'சகோதரன் மகன்' என்ற பொருள்படவே அறிமுகம் செய்கிறான். கிளாடியஸுக்கு ஹாம்லெட்டும் அதே உறவு. செய்த கொலையும் வரப்போகும் மிரட்டலும் ஒரே காட்சியில். கிளாடியஸ் விளக்குக் கேட்டு எழுந்தது எதற்காக என்பதை வகுப்பில் வாதிட்டுப் பாருங்கள்.

படி 8: எழுதும்போது

'ஹாம்லெட்டில் பழிவாங்கல் முக்கியக் கருப்பொருள்' என்பது வாதம் அல்ல. யாரும் மறுக்க முடியாத வாக்கியத்தால் கட்டுரை நகராது. 'ஆவி பழியைக் கேட்டது, ஹாம்லெட் நினைவுக்குச் சத்தியம் செய்தான், நாடகத்தின் தாமதம் இந்த இடைவெளியில் இருக்கிறது' என்பது வாதம். எதிர்க்க இடம் இருக்கிறது, அதனால் நிரூபிக்கவும் இடம் இருக்கிறது.

ஒரு பத்திக்கு ஒரு சின்ன மேற்கோள் போதும். இரண்டு மூன்று சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. மேற்கோளுக்குப் பிறகு கதையைச் சொல்லாதீர்கள், அந்தச் சொல் ஏன் அங்கே என்று சொல்லுங்கள். உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கும் காட்சி ஒன்றை நீங்களே எடுத்துப் பேசுங்கள். மேலே சொன்ன வாதத்துக்கு எதிரான காட்சி 3.3. அங்கே ஹாம்லெட் நினைவைப் பேசவில்லை, எதிரியின் ஆன்மாவே நாசமாக வேண்டும் என்கிறான். அதை மறைத்துவிட்டு எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு நாடகத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாடியஸின் வாயில் விஷக் கோப்பையைத் திணிக்கும்போது ஹாம்லெட் என்ன சொல்கிறான்? "என் அம்மாவின் பின்னால் போ." அப்பாவின் பெயர் அந்த நொடியில் வரவில்லை. ஆவி ஐந்தாம் அங்கத்தில் வரவே இல்லை. ஹாம்லெட்டும் அந்த அங்கத்தில் தனிமொழி பேசவில்லை. பிறகு அவன் கேட்பது, விஷம் குடிக்கப்போகும் ஹொரேஷியோவைத் தடுத்து, "என் கதையைச் சொல்" என்பது. அப்பா மகனிடம் கேட்டதை மகன் நண்பனிடம் கேட்கிறான். ஆனால் கொலை கேட்கவில்லை, கதை மட்டும் கேட்கிறான்.

ஹொரேஷியோ ஃபோர்டின்ப்ராஸிடம் சொல்லத் தொடங்குகிறான்: காமமும் இரத்தமும் இயற்கைக்கு மாறான செயல்களும், தற்செயலான சாவுகள், சூழ்ச்சியால் வந்த சாவுகள், தொடுத்தவர் தலையிலேயே விழுந்த திட்டங்கள். அந்தப் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு, நாடகத்தில் நீங்கள் கேட்டதில் எதெல்லாம் அதில் இல்லை என்று எதிரில் எழுதுங்கள். ஹாம்லெட்டின் தனிமொழி ஒன்றைக்கூட ஹொரேஷியோ கேட்டதில்லை.